மூச்சுத் திணறும் நெருப்பு

நெருப்பில்லாமல் புகையாது என்பது நம்மவர் பழமொழி. மலையிலே புகை தெரிந்தால் அங்கே நெருப்பு உண்டு என்று துணிவதை அனுமானத்துக்கு உதாரணமாகத் தருக்க நூலார் எடுத்துக் காட்டுவர். ஆனால், குளிர்நாட்டு வீடுகளிலே இந்த அனுமானத்துக்குள் அடங்காத நெருப்பு ஒன்று உண்டு. அது புகையாமலே நஞ்சைக் கக்குவது. அந்த நஞ்சுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. கண் கரிக்காது, இருமல் எழாது. உறங்குகின்றவர் உறங்கியபடியே உயிரிழக்க நேரலாம்.

நம் நாட்டு அடுப்பை நாம் நன்கு அறிவோம். யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளிலே குசினி தனியாக அமைந்திருக்கும். கிடுகுக் கூரைக்கும் மண் சுவருக்கும் இடையே இருந்த வெளியால் புகை தானாகப் போய்விடும். அந்தப் புகை நம் தாய்மாரின் கண்ணையும் நெஞ்சையும் வருத்தியது மெய்யே. எனினும், அந்த அடுப்பு காற்றுக்கு ஏங்கியதில்லை. நாற்புறமும் திறந்திருந்த வீட்டிலே நெருப்பும் மனிதரும் வேண்டியமட்டும் மூச்சு விட்டனர்.

இன்று நம்மவருள் மிகப் பலரின் பிள்ளைகளும் சகோதரரும் ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் இலண்டனிலும் வாழ்கின்றனர். அவர்கள் குடியிருக்கும் வீடுகள் பனிக்காலம் முழுவதும் கதவும் யன்னலும் அடைத்தபடி இருப்பவை. அவ்வீடுகளில் இரவு பகலாக ஒரு நெருப்பு எரிந்துகொண்டே இருக்கிறது. எரிபொருளின் விலையும் பூமியின் வெப்ப நிலையும் உயர்ந்துவரும் இக்காலத்தில், வீடுகளைத் திருத்தி வெப்பம் வீணாகாமற் காக்குமாறு அந்நாட்டு அரசுகள் மக்களைத் தூண்டுகின்றன. பண உதவியும் செய்துள்ளன. இது நல்ல முயற்சி என்பதில் ஐயமில்லை. ஆனால், வீட்டின் இடைவெளிகளை அடைக்கும்போது அங்கே எரியும் நெருப்பு எவ்வாறு மூச்சு விடும் என்ற கேள்வியையும் கேட்க வேண்டும். அதைக் கேளாது விட்டால், பணத்தை மீதப்படுத்தச் செய்த வேலை உயிருக்கே உலை வைத்துவிடும்.

எரிதலும் அரைகுறை எரிதலும்

எரிதல் என்பது எரிபொருள் ஒட்சிசனோடு சேரும் இரசாயனத் தாக்கம் என்பதை மாணவர்கள் அறிவர். குளிர்நாட்டு வீடுகளுக்குக் குழாய் வழியாக வரும் இயற்கை வாயுவின் பெரும்பகுதி மெதேன் ஆகும். போதிய காற்றோடு எரியும்போது அது காபனீரொட்சைட்டாகவும் நீராவியாகவும் மாறும். 1 கன மீற்றர் வாயு முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 10 கன மீற்றர் காற்று வேண்டும். காற்றுக் குறைந்தாலும், எரிந்து முடிந்த வாயுக்கள் வெளியேறாது சுவாலையையே மீண்டும் வந்து சூழ்ந்தாலும், காபனின் ஒரு பகுதி அரைகுறையாக எரிந்து காபனோரொட்சைட்டு ஆகிவிடும். நாம் முன்னே கூறிய நஞ்சு இதுவே.

இந்நஞ்சு செயற்படும் முறை வஞ்சகமானது. நமது குருதியிலுள்ள ஈமோகுளோபின் நுரையீரலில் ஒட்சிசனைப் பெற்று உடலெங்கும் சுமந்து செல்கிறது. காபனோரொட்சைட்டின்மீது அதற்குள்ள பற்று, ஒட்சிசன்மீது உள்ள பற்றிலும் 200 முதல் 250 மடங்கு வரை வலியது. எனவே காற்றிலே மிகச் சிறிதளவு இருந்தாலும் அந்நஞ்சு ஒட்சிசனின் இருக்கையைப் பறித்துக்கொள்ளும். நெஞ்சு விரிந்து சுருங்கும். மூச்சு வந்து போகும். உடல் மட்டும் ஒட்சிசனுக்குத் தவிக்கும். மூளை விரைவிலே மந்தமடைவதால், ஆபத்தில் இருக்கிறோம் என்று உணரும் ஆற்றலும் எழுந்து நடக்கும் வலுவும் ஒருங்கே அற்றுப்போகும்.

குருதிக்கும் இவ்வாயுவுக்கும் உள்ள தொடர்பைப் பிரெஞ்சு உடற்றொழிலியல் அறிஞர் கிளோட் பேணாட் 1857 ஆம் ஆண்டில் விளக்கினார். பிரித்தானிய அறிஞர் ஜே. எஸ். ஹோல்டேன் 1895 ஆம் ஆண்டில் இவ்வாயுவைத் தாமே சுவாசித்துத் தம் உடலில் நேர்ந்த மாற்றங்களைக் குறித்து வைத்தார். நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சிறு பறவைகளைக் கொண்டு செல்லும் வழக்கம் அவருடைய ஆலோசனையால் ஏற்பட்டது. மனிதனுக்கு முன்பே பறவை மயங்கி விழும். அதைக் கண்டு சுரங்கத் தொழிலாளர் வெளியேறுவர். பிரித்தானியச் சுரங்கங்களில் இப்பணியிலிருந்து கனேரிப் பறவைகளுக்கு ஓய்வளித்து மின்கருவிகளை அமர்த்தும் முடிவு 1986 ஆம் ஆண்டிலேதான் எடுக்கப்பட்டது.

ஒரு நாவலாசிரியரின் முடிவு

இந்நஞ்சுக்கு இரையானோருள் உலகப் புகழ்பெற்ற எழுத்தாளர் ஒருவரும் இருக்கிறார். பிரெஞ்சு நாவலாசிரியர் எமிலி சோலா 1902 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாத இறுதியில் கிராமத்திலிருந்து பாரிஸ் நகரிலுள்ள தமது வீட்டுக்குத் திரும்பினார். குளிராக இருந்ததால் படுக்கையறைக் கணப்பில் நெருப்பு மூட்டப்பட்டது. இரவிலே கணவனுக்கும் மனைவிக்கும் தலைச்சுற்றும் குமட்டலும் ஏற்பட்டன. உண்ட உணவு ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று அவர்கள் கருதினர். காலையில் கதவை உடைத்து உள்ளே சென்றோர் சோலாவை உயிரற்ற நிலையில் கண்டனர். அவருடைய மனைவி உயிர் பிழைத்தார்.

புகைபோக்கி சரியாக இழுக்காமையே மரணத்துக்குக் காரணம் என விசாரணையில் முடிவாயிற்று. அரை நூற்றாண்டுக்குப் பின்னர், 1953 ஆம் ஆண்டில், பாரிஸ் நாளேடு ஒன்று வேறொரு செய்தியை வெளியிட்டது. அயல் வீட்டுக் கூரையிலே திருத்த வேலை செய்த தொழிலாளி ஒருவர், சோலாவின் அரசியற் கருத்துகள்மீது கொண்ட வெறுப்பால் அந்தப் புகைபோக்கியை வேண்டுமென்றே அடைத்தார் என்பதே அச்செய்தி. இதன் உண்மை இன்றுவரை ஐயத்துக்கு இடமானது. நமக்கு வேண்டிய பாடம் வேறு. கூரையிலோ சுவரிலோ நடக்கும் ஒரு வேலை, அதற்குச் சம்பந்தமில்லாதது போலத் தோன்றும் படுக்கையறை நெருப்பின் மூச்சை நிறுத்திவிடக் கூடும். சோலாவின் காலத்தில் அது பகையால் நடந்ததோ தற்செயலாய் நடந்ததோ, நாம் அறியோம். நம் காலத்தில் அது நல்லெண்ணத்தாலேயே நடந்துவிடலாம்.

எண்ணெய் விலையும் இறுக்கமான வீடும்

1973 ஆம் ஆண்டின் அரபு-இஸ்ரேல் போரைத் தொடர்ந்து மசகெண்ணெயின் விலை சில மாதங்களுள் ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. அதுவரை மலிவான எரிபொருளைத் தாராளமாக எரித்துவந்த நாடுகள் திடுக்கிட்டு விழித்தன. வறிய குடும்பங்களின் வீடுகளைக் குளிருக்கு ஏற்பத் திருத்தும் திட்டமொன்றை அமெரிக்கா 1976 இல் தொடக்கியது. வீடுகளுக்கு வெப்பக்காப்பு இடுவதற்கு உதவும் திட்டம் கனடாவில் 1977 இல் வந்தது. அதே ஆண்டில் கனடாவின் றெஜைனா நகரில், தடித்த வெப்பக்காப்பும் காற்றுப் புகாத சுவர்களும் கொண்ட மாதிரி வீடொன்று கட்டப்பட்டது.

வெப்பக்காப்பு, சுவரூடாக வெப்பம் கடந்து செல்வதைத் தடுக்கும். ஆனால், குளிர்நாட்டு வீட்டில் வெப்பத்தின் பெரும் பங்கொன்று யன்னற் சட்டங்களின் ஓரத்தாலும், பரணில் உள்ள துளைகளாலும், அத்திவாரத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடுக்குகளாலும் காற்றோடு சேர்ந்து வெளியேறுகிறது. ஆதலால், திருத்துவோர் அவ்விடுக்குகளைத் தேடித் தேடி அடைத்தனர். வீடு வெதுவெதுப்பாயிற்று, எரிபொருட் கட்டணம் குறைந்தது.

எனினும், அந்த இடுக்குகள் யாருக்கும் தெரியாமல் ஒரு தொண்டு செய்துவந்தன. நிலவறையில் எரிந்த உலைக்கும் வெந்நீர்த் தாங்கிக்கும் வேண்டிய காற்று அவற்றின் வழியாகவே வந்தது. வீடு ஓட்டையாக இருந்தவரை நெருப்பின் மூச்சைப் பற்றி எவரும் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. ஓட்டைகள் அடைபட்ட பின்னர், முன்பு இலவசமாகக் கிடைத்ததைத் திட்டமிட்டுக் கொடுக்க வேண்டிய நிலை உண்டாயிற்று. கனடாவின் வீடமைப்பு நிறுவனம் 1980களில் இதை ஆராய்ந்தது. வீட்டினுள் காற்றமுக்கம் தாழும்போது புகைபோக்கியின் ஓட்டம் தலைகீழாகி, எரிந்த வாயுக்கள் வீட்டுக்குள்ளேயே கொட்டும் என்பது வெளிப்பட்டது.

நாலு தாளின் பலம்

புகைபோக்கி எவ்வாறு வேலை செய்கிறது? சூடான வாயு அடர்த்தி குறைந்தது, ஆதலால் மேலெழும். அவ்வாறு எழும்போது கீழே ஒரு மெல்லிய இழுவை உண்டாகும். அந்த இழுவையே எரிந்த வாயுக்களை வெளியே கொண்டு செல்கிறது. பழைய வகை வெந்நீர்த் தாங்கிகளில் இதற்கென விசிறி எதுவும் இல்லை; இயற்கையான இழுவை ஒன்றே துணை.

அந்த இழுவையின் வலு எவ்வளவு என்று அறிந்தால் வியப்படைவோம். அது சில பஸ்கால் அளவே. மேசைமீது விரித்து வைத்த ஒரு சாதாரண எழுதுதாள், தன் நிறையால் மேசையின்மீது ஏற்படுத்தும் அமுக்கம் ஏறத்தாழ 1 பஸ்கால் எனலாம். நாலைந்து தாள்களை அடுக்கி வைத்தால் எத்தனை அமுக்கமோ, அவ்வளவே ஒரு குடும்பத்துக்கும் நச்சுவாயுவுக்கும் இடையில் நிற்கும் காவல்.

இக்காவலை எதிர்த்து வீட்டுக்குள் வேறு பல இழுவைகள் உள்ளன. பனிக்காலத்தில் வீட்டினுள் இருக்கும் சூடான காற்று மேல் மாடியால் வெளியேற முயலும். அதனால் நிலவறையில் அமுக்கம் தாழ்ந்திருக்கும். உலையும் வெந்நீர்த் தாங்கியும் இருப்பது பெரும்பாலும் அந்த நிலவறையிலேதான். குளியலறை விசிறி காற்றை வெளியே தள்ளுகிறது. உடை உலர்த்தும் இயந்திரமும் அவ்வாறே செய்கிறது. இவை எல்லாவற்றினும் வலியது சமையலறை அடுப்பின் மேலே பூட்டப்படும் வெளியேற்று விசிறி.

மாணவர்கள் இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். வட அமெரிக்க வீடொன்றின் சாதாரண வெந்நீர்த் தாங்கி மணிக்கு 1 கன மீற்றருக்குச் சற்றுக் கூடுதலான வாயுவை எரிக்கும். அதற்கு ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 11 கன மீற்றர் காற்றுத் தேவை. நிமிடத்துக்கு 400 கன அடி இழுக்கும் சமையலறை விசிறி ஒன்று, அதே 11 கன மீற்றர் காற்றை ஒரே நிமிடத்தில் வெளியே தள்ளிவிடும். நெருப்பு ஒரு மணி நேரத்தில் விடும் மூச்சை விசிறி ஒரு நிமிடத்தில் பறித்துக்கொள்கிறது. இறுக்கமான வீட்டிலே அந்த விசிறி, தான் வெளியேற்றிய காற்றுக்கு ஈடான காற்றை எங்கிருந்து பெறும்? வேறு வழி இல்லாதபோது புகைபோக்கி வழியாகவே கீழிழுக்கும். மேலே போக வேண்டிய வாயு அத்துடன் நிலவறைக்குத் திரும்பும்.

இந்த இடத்தில் நம்மவர் சற்று நின்று சிந்திக்க வேண்டும். மீன் பொரியலும் மிளகாய் தாளிப்பும் இல்லாத தமிழ்ச் சமையல் ஏது? அடைத்த வீட்டில் அந்த மணம் உடைகளில் ஊறிவிடும் என்பதால், புலம்பெயர்ந்த நம்மவர் வலுக்கூடிய விசிறிகளை விரும்பிப் பூட்டுகின்றனர். அதிற் தவறில்லை, சமையற் புகையும் உடலுக்குத் தீயதே. ஆயினும், விசிறி வலுத்தால் அதற்கு ஈடான காற்று உள்ளே வரவும் வழி வேண்டும். நிமிடத்துக்கு 400 கன அடிக்கு மேல் இழுக்கும் விசிறிகளுக்கு இத்தகைய வழியை அமெரிக்காவின் மாதிரிக் குடியிருப்புக் கட்டட விதிகள் வலியுறுத்துகின்றன.

தனித்துவிடப்பட்ட தாங்கி

வீட்டைத் திருத்தும்போது நேரும் இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரியாது. பழைய வீடுகளில் உலை, வெந்நீர்த் தாங்கி ஆகிய இரண்டும் ஒரே புகைபோக்கியைப் பயன்படுத்தும். உலையே பெரிது; அதன் வெப்பமே புகைபோக்கியைச் சூடாக வைத்திருக்கும். இப்போது வரும் சிக்கன உலைகள், எரிந்த வாயுவில் உள்ள நீராவியையும் ஒடுங்கச் செய்து அதன் வெப்பத்தைக்கூட வாங்கிக்கொள்கின்றன. அவற்றின் கழிவு வாயு மிகவும் குளிர்ந்திருப்பதால், அது பிளாத்திக்குக் குழாய் ஒன்றின் மூலம் சுவர் வழியே வெளியேற்றப்படும். பழைய புகைபோக்கி அதற்குத் தேவையில்லை. உலையை அகற்றி மின்சார வெப்பப் பம்பியைப் பூட்டினாலும் நிலைமை அதுவே.

அப்பொழுது என்ன நேர்கிறது? இருவருக்கென அமைத்த அகன்ற புகைபோக்கியில் வெந்நீர்த் தாங்கி தனியே விடப்படுகிறது. அதன் சிறிய வெப்பம் அந்தக் குளிர்ந்த செங்கற் கூட்டைச் சூடாக்கப் போதாது. இழுவை தளர்கிறது. நீராவி உள்ளேயே ஒடுங்கி நீராகிச் சாந்தை அரிக்கிறது; காலப்போக்கில் செங்கல் உதிர்ந்து வழியை அடைக்கவும் கூடும். இவ்வாறு விடப்பட்ட தாங்கியை அத்துறையினர் 'அநாதைத் தாங்கி' என்றே அழைக்கின்றனர்.

ரொறன்ரோ நகரின் கிழக்கே வாழும் என் பழைய மாணவர் ஒருவர் எழுதிய கடிதத்தால் இதன் தன்மையை நான் நன்கு உணர்ந்தேன். இலையுதிர் காலத்தில் அவர் தமது உலையை மாற்றினார். யன்னல்களைப் புதுப்பித்துப் பரணுக்கும் வெப்பக்காப்பு இட்டார். தை மாதத்தில் யன்னற் கண்ணாடிகளில் நீர் வழியத் தொடங்கியது. நிலவறையில் குடியிருந்த மருமகன், அங்கு படிக்க வந்த இளைஞர், காலைதோறும் தலையிடியோடு எழுந்தார். தடிமன் என்று எண்ணி மாத்திரை கொடுத்தனர். பல்கலைக்கழகத்துக்குப் போனால் தலையிடி தீரும். வீடு திரும்பினால் மீண்டும் வரும். அதைக் கவனித்தவர் வீட்டுத் தலைவியே. வாயுத் துறைப் பரிசோதகரை அழைத்தபோது, சமையலறை விசிறி ஓடும் வேளையில் வெந்நீர்த் தாங்கியின் வாயு முழுவதும் நிலவறைக்குள் கொட்டுவது தெரியவந்தது. உலையை மாற்றியவர்கள் உலையைச் செவ்வனே பூட்டியிருந்தனர்; யன்னற்காரர் யன்னலைச் செவ்வனே பூட்டியிருந்தனர். வீட்டை ஒரே பொருளாகப் பார்த்தவர் எவருமில்லை. அதுவே குறை.

முன்னும் பின்னும் சோதித்தல்

இதற்கு மாற்று இல்லையா? உண்டு, அதுவும் எளியது. திருத்த வேலை தொடங்குமுன் ஒரு முறையும் முடிந்த பின் ஒரு முறையும் நெருப்பைச் சோதித்தல் வேண்டும். வட அமெரிக்காவில் வீட்டுச் சக்திப் பரிசோதகர் இதற்கென வகுத்துள்ள முறை, வீட்டை வேண்டுமென்றே மிக மோசமான நிலைக்குக் கொண்டுவந்து பார்ப்பதாகும்.

வெளிக் கதவுகளும் யன்னல்களும் அடைக்கப்படும். கணப்பின் வாய் மூடப்படும். சமையலறை விசிறி, குளியலறை விசிறி, உடை உலர்த்தி ஆகிய யாவும் ஒரே வேளையில் இயக்கப்படும். உட்கதவுகளைத் திறந்தும் மூடியும், உலை இருக்கும் அறையில் அமுக்கம் எப்போது மிகத் தாழ்கிறது என்று நுண்ணிய மானியால் அளப்பர். அந்நிலையிலே சிறிய சாதனத்தை முதலில் பற்றவைத்து, பின்னர் பெரியதைப் பற்றவைப்பர். தாங்கியின் மேலுள்ள திறந்த கூம்பின் ஓரத்தில் சிறிது புகையைக் காட்டுவர். புகை உள்ளிழுக்கப்பட்டால் நலம். வெளியே திரும்பினால் வாயு வீட்டுக்குள் கொட்டுகிறது என்பது பொருள். சில நிமிடங்களுள் இழுவை நிலைபெறாவிட்டால் அச்சாதனம் தேறவில்லை. கழிவு வாயுவில் காபனோரொட்சைட்டு எவ்வளவு என்பதையும், குழாய்ப் பொருத்துகளில் வாயு கசிகிறதா என்பதையும் உடன் பார்ப்பர்.

தேறாத இடத்துப் பரிகாரங்களும் உள்ளன. அகன்ற புகைபோக்கிக்குள் ஒடுங்கிய உலோகக் குழாயை இறக்கலாம். விசிறிக்கு ஈடாக வெளிக்காற்று வர வழி அமைக்கலாம். எல்லாவற்றினும் சிறந்தது, வெளியிலிருந்தே காற்றைக் குழாயால் வாங்கி வெளியிலேயே கழிவை விடும் மூடிய சாதனத்தைப் பூட்டுதல், அல்லது சுவாலையே இல்லாத மின்சார வெப்பப் பம்பிக்கு மாறுதல். மாறுவதாயின் உலையோடு வெந்நீர்த் தாங்கியையும் சேர்த்தே மாற்றுவது விவேகம்.

இங்கிலாந்தில் நிலைமை சற்று வேறு. அங்கே 2005 ஆம் ஆண்டு முதல் புதிதாகப் பூட்டப்படும் வாயுக் கொதிகலன்கள் பெரும்பாலும் ஒடுக்கும் வகையைச் சேர்ந்தனவாகவும், அறைக்காற்றைத் தொடாத மூடிய சாதனங்களாகவும் உள்ளன. ஆயினும் பழைய வாயுக் கணப்புகளும் விறகு உலைகளும் பல வீடுகளில் உள்ளன. குளிர் வருகிறதென்று சுவரிலுள்ள காற்றுத் துளைகளுக்குள் துணியும் கடதாசியும் திணிப்போர் உளர். இரட்டைச் சுவருக்கு நடுவே வெப்பக்காப்பை ஊதி நிரப்பும்போது அது காற்றுத் துளையையோ புகை வழியையோ அடைத்துவிடாமற் பார்த்துக்கொள்வதும் அவசியம். வாடகை வீடாயின், வீட்டுச் சொந்தக்காரர் ஆண்டுக்கொரு முறை வாயுச் சாதனங்களைச் சோதிப்பித்துச் சான்றிதழின் பிரதியைக் குடியிருப்போருக்குக் கொடுத்தல் சட்டப்படி கடமை. சோதிப்பவர் 'காஸ் சேஃப்' பதிவேட்டில் உள்ளவராயிருத்தல் வேண்டும். அங்கு படிக்கச் செல்லும் மாணவர்கள் அந்தப் பத்திரத்தைக் கேட்டு வாங்கத் தயங்கக் கூடாது.

நாலு உயிர் தந்த சட்டம்

2008 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள வூட்ஸ்ரொக் நகரில் தாயும் தந்தையும் இரு பிள்ளைகளுமாக ஒரு குடும்பம் முழுவதும் மாண்டது. வாயுக் கணப்பின் வெளிவழி அடைபட்டிருந்ததால் கழிவு வாயு வீட்டுக்குள் திரும்பியமையே காரணம். தாய் ஒரு பொலிஸ் அதிகாரி. பிறர் உயிரைக் காக்கும் பணியில் இருந்தவர். அவ்வீட்டில் காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி இருக்கவில்லை. அவருடைய உறவினரான தீயணைப்பு வீரர் ஒருவர், இத்தகைய மரணம் இன்னொரு வீட்டுக்கு வரலாகாது என்று பல ஆண்டுகள் பாடுபட்டார். அதன் பயனாக அந்தக் குடும்பத்தின் பெயரால் ஒரு சட்டம் 2013 இல் நிறைவேறியது. 2014 ஒக்ரோபர் முதல், எரிபொருட் சாதனம் உள்ள வீடுகளில் உறங்கும் இடத்துக்கு அருகே அக்கருவியை வைத்திருத்தல் அங்கே கட்டாயமாயிற்று. இங்கிலாந்திலும் 2022 ஒக்ரோபர் முதல், எரிபொருளால் இயங்கும் நிலையான சாதனம் உள்ள வாடகை வீட்டு அறைகளில் அது கட்டாயம். சமையல் வாயு அடுப்புக்கு மட்டும் விலக்குண்டு.

கருவி இருந்தாற் போதும், சோதனை வேண்டாம் என்று எண்ணுவோர் ஓர் உண்மையை அறிதல் வேண்டும். காற்றின் பத்து இலட்சம் பங்கில் 70 பங்கு நஞ்சு இருந்தால், வட அமெரிக்கத் தராதரத்துக்கு அமைந்த கருவி 1 மணி முதல் 4 மணி நேரத்துக்குள் ஒலித்தாற் போதும். 30 பங்குக்குக் குறைந்த அளவில் அது ஒலிப்பதில்லை. உலக சுகாதார தாபனம் ஒரு முழு நாளுக்குத் தகும் எனக் குறித்துள்ள சராசரி அளவோ ஏறத்தாழ 3.5 பங்கே. ஆகவே, கருவி மரணத்தைத் தடுக்கும். நாட்பட்ட மெல்லிய நஞ்சூட்டலைத் தடுக்காது. அது இறுதிக் காவல். முதற் காவல் அன்று.

வாசகர் மனங்கொள்ள வேண்டியவை

வாயுவின் மணம் காட்டிக் கொடுக்கும் என்று நம்பியிருத்தல் தவறு. குழாய் வாயு கசிவதை உணர்த்தவே அதில் மணப்பொருள் சேர்க்கிறார்கள். எரிந்து முடிந்த காபனோரொட்சைட்டுக்கு அந்த மணம் இல்லை.

காய்ச்சல் இல்லாத தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், சோர்வு ஆகியன வீட்டிலுள்ள பலருக்கு ஒரே வேளையில் வந்து, வெளியே சென்றதும் தணியுமாயின் ஐயுற வேண்டும். வளர்ப்புப் பிராணிகள் சோர்ந்து கிடப்பதும் ஓர் அறிகுறியே. உடனே யாவரும் வெளியேறி, வெளியில் நின்றே தீயணைப்புப் படையை அழைத்தல் வேண்டும். காரணத்தைத் தேடி நிலவறைக்கு இறங்குதல் கூடாது.

வெந்நீர்த் தாங்கியின் மேற்புறத்தில் கரி படிதல், அங்குள்ள பிளாத்திக்கு வளையங்கள் உருகியிருத்தல், யன்னல்களில் ஓயாது நீர் வழிதல், நீலமாயிருக்க வேண்டிய சுவாலை மஞ்சளாய்த் தளர்ந்து ஆடுதல் ஆகியவற்றைக் கண்டால் பரிசோதகரை அழைக்கவும். தாமே கழற்றிப் பூட்ட முயலுதல் ஆபத்தானது.

நிலவறை அறைகளில் வாடகைக்கு இருப்போர், பெரும்பாலும் அண்மையிற் சென்ற மாணவரும் புதுக் குடியேறிகளும் ஆவர். உலை இருக்கும் அறைக்கும் அவர்கள் தலையணைக்கும் இடையே ஒரு மெல்லிய சுவரே உண்டு. அங்கே எச்சரிக்கைக் கருவி ஒன்று அவசியம் இருத்தல் வேண்டும். வீட்டில் எந்தத் திருத்த வேலை நடந்தாலும், 'வேலைக்குப் பின் நெருப்பைச் சோதித்தீர்களா?' என்று கேட்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. கரி அடுப்பை எக்காரணம் கொண்டும் அடைத்த அறைக்குள் எடுத்துச் செல்லலாகாது. இந்த விதி ரொறன்ரோவுக்கு மட்டுமன்று. குளிர் தாங்காது நுவரெலியாவில் தணற்சட்டியை அறைக்குள் கொண்டுபோவோருக்கும் பொருந்தும்.

வீட்டை இறுக்குதல் நன்று. எரிபொருளைச் சேமித்தல் அதனினும் நன்று. இவற்றைச் செய்யாதீர் என்று கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. வீடு என்பது தனித்தனி உறுப்புகளின் கூட்டமன்று. ஓர் உடல் போன்றது. ஓரிடத்தில் அடைத்தால் மற்றோரிடத்தில் மூச்சு முட்டும் என்பதை அறிந்து செய்தால், சிக்கனமும் கிட்டும், உயிரும் நிலைக்கும்.

கடல் கடந்து வாழும் பிள்ளைகளோடு தொலைபேசியிற் பேசும்போது, சாப்பாடு ஆயிற்றா, அங்கே குளிர் எப்படி என்று நாம் தவறாமற் கேட்கிறோம். அத்தோடு, 'நிலவறையில் எரியும் அடுப்பை இந்த ஆண்டு யாராவது வந்து சோதித்தார்களா? எச்சரிக்கைக் கருவியின் மின்கலம் புதியதா?' என்றும் கேட்போமாக. கேட்பதற்கு அரை நிமிடமும் ஆகாது.